தாயக்கட்டையைக் கணினியில் உருட்டுவது எப்படி: சமவாய்ப்பு எண்களுக்கும் நிகழ்தகவுப் பரவல்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தாயம் ஆடிப் பழகியவர்களுக்கு நிகழ்தகவுப் பரவல் புதிய செய்தி அன்று. நான்கு பக்கங்கள் கொண்ட இரண்டு நீளமான பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, மிஞ்சிய பக்கம் வெறுமை. இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டினால், மேலே தெரியும் புள்ளிகளின் கூட்டுத்தொகைதான் ஆட்டம். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஊருக்கு ஊர் விதிகள் மாறினாலும், தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது பெரும்பாலும் மாறுவதில்லை. மூன்று விழுந்துகொண்டே இருக்கிறது, தாயம் கேட்டால் மட்டும் விழமாட்டேன் என்கிறது என்று திண்ணையில் எழும் புலம்பலில் ஒரு பகுதி உண்மையும் உண்டு. அது எவ்வளவு என்பதை எண்ணாகவே பிறகு காண்போம்.

இந்தக் கட்டைகளைக் கணினிக்குள் உருட்டுவதை நோக்கமாக வைத்துக்கொண்டு, சமவாய்ப்பு எண் (அடுத்து எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி வரும் எண்) உருவாவதிலிருந்து அது சரியானதா என்று சோதிப்பதுவரை படிப்படியாகச் செல்வோம். மேல்நிலைப் பள்ளிக் கணிதம் தெரிந்திருந்தால் போதும். எந்த நிரல்மொழியிலும் எழுதிப் பார்க்கலாம். முதல் இரண்டு படிகளுக்குத் தாளும் பென்சிலுமே போதுமானவை.

முதல் படி: எதைக் கேட்கிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுதல்

7 சமவாய்ப்பு எண்ணா என்று கேட்டால் அதற்கு விடை கிடையாது. தனியாக நிற்கும் எந்த எண்ணுக்கும் அந்தத் தன்மை இல்லை. எண்ணைத் தந்த செயல்முறைக்குத்தான் அது உண்டு. அந்தச் செயல்முறையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எந்தெந்த மதிப்பு எவ்வளவு வாய்ப்புடன் வருகிறது என்பது முதல் கேள்வி. இதற்கான விடையே பரவல். முன்னால் வந்தவற்றை வைத்து அடுத்து வருவதைப் பற்றி ஏதேனும் ஊகிக்க முடிகிறதா என்பது இரண்டாவது. முடியாது என்றால் எண்கள் ஒன்றையொன்று சாராதவை. புதிதாகக் கற்பவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். நிரல்களில் நடக்கும் மோசமான பிழைகள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் நேர்பவை.

கணினியில் எல்லாப் பரவல்களுக்கும் ஒரே கச்சாப்பொருள்தான்: 0-க்கும் 1-க்கும் இடையே சீராகப் பரவிய ஓர் எண், அதாவது 0 வரலாம், 1 மட்டும் வராது, இடைப்பட்ட எந்தப் பகுதியில் விழும் வாய்ப்பும் அந்தப் பகுதியின் நீளத்துக்குச் சமம். இதை இனி மூல எண் என்று குறிப்பிடுவேன். ஈருறுப்புப் பரவல், பாய்சான் பரவல், இயல்நிலைப் பரவல் என்று எது வேண்டுமானாலும் இந்த மாவிலிருந்துதான் பிசைந்து எடுக்கிறோம்.

இரண்டாம் படி: மூல எண்ணை உண்டாக்குதல்

கணினி என்பது சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம்; அதனிடம் எதிர்பாராததைக் கேட்பதே சற்று முரணான வேலை. 1940-களில் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் முன்வைத்த நடுவர்க்க முறை இப்படி இயங்கியது: நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து வர்க்கப்படுத்தி, கிடைக்கும் எட்டு இலக்கங்களில் நடுவிலுள்ள நான்கை அடுத்த எண்ணாகக் கொள்ள வேண்டும். 1234-இன் வர்க்கம் 01522756, நடுவில் 5227. அதன் வர்க்கம் 27321529, நடுவில் 3215. அடுத்து 3362, அதற்கடுத்து 3030. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 3792-இல் தொடங்கிப் பாருங்கள்: வர்க்கம் 14379264, நடுவில் மறுபடியும் 3792. 2100-இல் தொடங்கினால் 4100, 8100, 6100 என்று போய் மீண்டும் 2100-க்கே வந்து, செக்குமாடுபோல் அங்கேயே சுற்றும். தன் முறையின் குறை வான் நியூமனுக்கு நன்றாகவே தெரியும். கணக்குப் போட்டுச் சமவாய்ப்பு இலக்கங்களை உண்டாக்க நினைப்பவர் பாவ நிலையில் இருக்கிறார் என்று வேடிக்கையாக எழுதியவரும் அவரே.

கணிதவியலாளர் டி. எச். லேமர் 1949-இல் முன்மொழிந்த வழி எளிமையானது, நெடுங்காலம் நிலைத்தது. இருக்கும் எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி, பெரிய எண் ஒன்றால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் பெருக்கியபின் இன்னொரு மாறிலியைக் கூட்டும் வழக்கமும் சேர்ந்தது. கையால் செய்து பார்க்கச் சிறிய மாதிரி ஒன்று: 5-ஆல் பெருக்கு, 3-ஐக் கூட்டு, 16-ஆல் வகுத்து மீதியை எடு. 0-இல் தொடங்கினால் கிடைக்கும் வரிசை:

0, 3, 2, 13, 4, 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, பிறகு மீண்டும் 0.

பதினாறு எண்களும் ஒருமுறை வந்துவிட்டன. எதுவும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை வரவில்லை. ஒவ்வொன்றையும் 16-ஆல் வகுத்தால் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட மூல எண்கள் கிடைக்கும். பரவல் என்ற முதல் கேள்விக்கு இது முழு மதிப்பெண் வாங்கிவிடும். இப்போது அதே வரிசையை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்த்துப் படியுங்கள்: இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை என்று கடைசிவரை ஊசல்போல் ஆடுகிறது. இதை நம்பி, ஒற்றை என்றால் பூ, இரட்டை என்றால் தலை என்று நாணயம் சுண்டினால், தலையும் பூவும் மாறி மாறியே விழும். வகுக்கும் எண் 2-இன் அடுக்காக இருக்கும்போது கடைசி பிட்டுகள் (இரும வடிவில் எழுதும்போது கடைசியில் வரும் இலக்கங்கள்) இப்படிப் பலவீனமாகவே அமையும் என்பதால், இத்தகைய முறைகளில் எண்ணின் மேல் பகுதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இது பொம்மைக் கணக்கில் மட்டும் நேரும் கோளாறு அன்று. 1960-களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட ராண்டு என்ற நிரல், 65539-ஆல் பெருக்கி 2147483648-ஆல் வகுத்து மீதியை எடுத்தது. 65539 என்பது 65536 + 3 என்பதால், அடுத்தடுத்து வரும் எந்த மூன்று எண்களை எடுத்தாலும், இரண்டாவதை 6-ஆல் பெருக்கி, முதலாவதை 9-ஆல் பெருக்கிக் கழித்து, மீதி எடுத்தால் மூன்றாவது வந்துவிடும். மும்மூன்றாக எடுத்து ஒரு கனசதுரத்துக்குள் புள்ளிகளாகக் குறித்தால், அவை எங்கும் பரவாமல் வெறும் 15 தளங்களில் தட்டுத்தட்டாக அடங்கி நிற்கும். இவ்வகை முறைகள் அனைத்துக்குமே இத்தகைய அடுக்குத்தன்மை உண்டு என்பதை ஜார்ஜ் மர்சாக்லியா 1968-இல் நிறுவினார். ராண்டுவில் தட்டுகள் மிகக் குறைவு என்பதுதான் அதன் தனிக் கேடு.

நடைமுறையில் இவற்றை நீங்களே எழுத வேண்டியதில்லை. மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கி 1998-இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை பைத்தான், ஆர் ஆகிய நிரல்மொழிகளில் இயல்பாகவே உள்ளது. அதன் சுழற்சி நீளத்தை, அதாவது வரிசை மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதற்குள் வரும் எண்களின் எண்ணிக்கையை, எழுதினால் 6,002 இலக்கங்கள் வரும். பைத்தானின் நம்பை (NumPy) என்ற கணக்கீட்டு நூலகம் 2019 முதல் பிசிஜி என்ற புதிய முறைக் குடும்பத்துக்கு மாறியிருக்கிறது. இரண்டில் எது கிடைத்தாலும் இந்தக் கட்டுரையின் வேலைகளுக்குப் போதும்.

மூன்றாம் படி: விதையைக் குறித்துவைத்தல்

தொடக்க எண்ணுக்கு விதை என்று பெயர். ஒரே விதை, ஒரே வரிசை. இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். ஆய்வுக்கும் பிழைதிருத்தத்துக்கும் இதுவே பெரிய வசதி. நேற்று இரவு தவறாக ஓடிய நிரலை இன்று காலை அதே எண்களோடு மீண்டும் ஓட்டிப் பார்க்க முடிகிறது என்றால், அது விதையை எழுதிவைத்ததால்தான். விதையை நிரலின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை மட்டும் இட வேண்டும். சுழற்சிக்குள்ளே ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பார்த்து விதையிடுபவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். நொடிக்குள் ஆயிரம் முறை சுற்றும் நிரலில், நேரம் நொடிக் கணக்கில் இருந்தால், ஆயிரம் முறையும் ஒரே எண்தான் கிடைக்கும்.

நான்காம் படி: வேண்டிய வரம்புக்குள் கொண்டுவருதல்

100 பேரில் ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்க வேண்டும்; கையில் இருப்பதோ 0 முதல் 255 வரை சமவாய்ப்புடன் வரும் ஒரு பைட். 100-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் முடிந்தது என்று தோன்றும். மீதி 30 எப்போது வரும் என்று எண்ணிப் பாருங்கள்: பைட் 30, 130, 230 என்று மூன்று வழிகள். மீதி 80-க்கோ 80, 180 என்று இரண்டே வழிகள். 280 என்ற பைட் கிடையாது. ஆக, 0 முதல் 55 வரை எண் பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு வாய்ப்பு. இதற்கு மருந்து எளிது: 200 முதல் 255 வரை வந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த பைட்டை எடுக்க வேண்டும். 32 பிட் எண்ணில் இந்தச் சாய்வு மிகச் சிறியதாகிவிடும் என்றாலும், நூலகத்தில் முழு எண் வரம்பைக் கேட்டுப் பெறும் செயற்கூறு தனியாக இருக்கும்போது மீதிக் கணக்கை நாமே போடுவதில் பயனில்லை. நம் கட்டைக்கு நான்கு பக்கங்கள். 256 என்பது 4-ஆல் மீதியின்றி வகுபடுவதால் இந்தச் சிக்கலே எழாது.

கையால் குலுக்கினால் தானாகவே நியாயமாகிவிடும் என்றும் எண்ணக் கூடாது. வியட்நாம் போருக்கு ஆள் சேர்க்க 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் 366 பிறந்தநாள்களைக் குப்பிகளில் அடைத்துக் குலுக்கினார்கள். குப்பிகள் சரியாகக் கலக்கப்படாததால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் நாள்கள் அளவுக்கு மிஞ்சி முன்னதாகவே வெளிவந்தன.

ஐந்தாம் படி: தாயத்தின் பரவல்

இரண்டு கட்டைகளும் சேர்ந்து 4 × 4 = 16 வகைகளில் விழலாம். புள்ளிகளின் கூட்டுத்தொகை 0 வருவது 1 வகை, 1 வருவது 2 வகை, 2 வருவது 3 வகை, 3 வருவது 4 வகை, 4 வருவது 3, 5 வருவது 2, 6 வருவது 1. 0 முதல் 6 வரை ஏழு எண்கள்தானே என்று ஏழில் ஒன்றைச் சமவாய்ப்புடன் எடுத்தால், வந்தது தாயம் அன்று, வேறு ஏதோ விளையாட்டு. தாயச் செயலி எழுதும் முயற்சிகளில் நான் முதலில் தேடுவது இந்தப் பிழையைத்தான்.

சரியாகச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. கட்டைக்கு ஒன்றாக 0 முதல் 3 வரை இரண்டு எண்களை எடுத்துக் கூட்டுவது நேர்வழி. ஒரே ஒரு மூல எண்ணைக் கொண்டு குவிவுப் பரவலில் தேடுவது இரண்டாவது வழி. எந்தத் தனித்த பரவலுக்கும் இது பொருந்தும் என்பதால் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. வாய்ப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 1/16, 3/16, 6/16, 10/16, 13/16, 15/16, 16/16 என்று ஏழு படிக்கட்டுகள் கிடைக்கும். மூல எண் 0.42 வந்ததாகக் கொள்வோம். அது 6/16 ஆகிய 0.375-ஐத் தாண்டிவிட்டது, 10/16 ஆகிய 0.625-ஐ எட்டவில்லை, ஆகவே நான்காம் படிக்கட்டு, கூட்டுத்தொகை 3. கூட்டுத்தொகை 0 என்றால் திரையில் 12 என்று காட்டச் சொல்லிவிட்டால் கட்டை தயார்.

இப்போது திண்ணைப் புலம்பலுக்கு வருவோம். தாயத்துக்கு வாய்ப்பு 2/16, அதாவது எட்டில் ஒன்று. மூன்றுக்கு நான்கில் ஒன்று. மூன்று இரு மடங்கு அடிக்கடி விழுகிறது என்பது கண்கூடான உண்மை. ஆனால் சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம் என்றால், எட்டு உருட்டலுக்குள் கட்டாயம் விழுந்துவிடும் என்று பொருள் இல்லை. ஒரு உருட்டலில் விழாமல் போகும் வாய்ப்பு 7/8. எட்டிலும் விழாமல் போவதற்கு அதை எட்டு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.34. மூவரில் ஒருவர் எட்டு உருட்டலுக்குப் பிறகும் காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பார். இருபது உருட்டலிலும் விழாமல் போவதற்குக்கூட ஏறத்தாழ 7 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அத்தனை முறை விழவில்லையே, இனி விழுந்துதான் ஆக வேண்டும் என்று கட்டையிடம் உரிமை கொண்டாட முடியாது; பித்தளைக்கு நினைவு கிடையாது.

ஆறாம் படி: தொடர் பரவல்கள்

காத்திருப்பு நேரம், உயரம், எடை போன்றவை படிக்கட்டாக வராமல் தொடராக வருபவை. படிக்கட்டில் தேடிய அதே கருத்தை இங்கேயும் கையாளலாம்: குவிவுப் பரவல் சார்பின் செங்குத்து அச்சில் மூல எண்ணை வைத்து, அதற்கு நேராகக் கிடை அச்சில் உள்ள மதிப்பைப் படித்தெடுக்க வேண்டும். இதற்கு நேர்மாறு முறை என்று பெயர். ஒரு கடைக்கு வாடிக்கையாளர்கள் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒருவராக, ஒருவரை ஒருவர் சாராமல் வருகிறார்கள் என்றால், அடுத்தடுத்த வருகைகளுக்கு இடைப்பட்ட நேரம் அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றும். அதற்கான சூத்திரம்: 1-இலிருந்து மூல எண்ணைக் கழித்து, இயல் மடக்கை எடுத்து, −10-ஆல் பெருக்கு. மூல எண் 0.42 என்றால் 5.45 நிமிடம், 0.95 என்றால் 29.96 நிமிடம். மூல எண்ணுக்கே மடக்கை எடுத்தாலும் பரவல் மாறாது. ஆனால் மூல எண் 0 ஆக வரக்கூடும், 0-க்கு மடக்கை இல்லை, நிரல் அங்கே நின்றுவிடும். 1-இலிருந்து கழிப்பது அதற்காகத்தான்.

இந்த இடைவெளிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டி, மொத்தம் 60 நிமிடத்தைத் தாண்டும்வரை எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால், அந்த எண்ணிக்கை சராசரி 6 உள்ள பாய்சான் பரவலில் (குறித்த நேரத்தில் எத்தனை நிகழ்வுகள் என்பதைக் காட்டும் பரவல்) அமையும். பாய்சானுக்கென்று தனி முறை தேடாமலே அது கைக்கு வந்துவிடுகிறது.

உயரம் போன்றவற்றுக்குப் பயன்படும் மணி வடிவ இயல்நிலைப் பரவலின் குவிவுச் சார்பை எளிய சூத்திரமாக எழுத முடியாததால் நேர்மாறு முறை இங்கே நேரடியாக உதவாது. 12 மூல எண்களைக் கூட்டி 6-ஐக் கழிப்பது பழைய குறுக்குவழி. ஒன்றையொன்று சாராத பல எண்களைக் கூட்டினால் மணி வடிவம் நெருங்கும் என்னும் மைய எல்லைத் தேற்றத்தின் துணையால் சராசரி 0, திட்ட விலக்கம் 1 உள்ள மணி வடிவம் ஏறத்தாழக் கிடைக்கும். ஆனால் விடை ஒருபோதும் −6, +6 ஆகிய எல்லைகளைத் தாண்டாது; அரிய நிகழ்வுகளை ஆராய்கிறவர்களுக்கு இது உதவாது. பாக்ஸ், முல்லர் ஆகிய இருவரும் 1958-இல் தந்த முறை துல்லியமானது. இரண்டு மூல எண்களை எடுங்கள். முதலாவதன் இயல் மடக்கையை −2-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஓர் ஆரம். இரண்டாவதை 360 பாகையால் பெருக்கினால் ஒரு கோணம். ஆரத்தைக் கோணத்தின் கொசைனாலும் சைனாலும் தனித்தனியே பெருக்கினால் ஒன்றையொன்று சாராத இரண்டு இயல்நிலை எண்கள். முதல் எண் 0.5, இரண்டாவது 0.125 என்று வைத்துப் பார்ப்போம்: ஆரம் 1.177, கோணம் 45 பாகை, விடை இரண்டுமே 0.833. சராசரி 160 சென்டிமீட்டர், திட்ட விலக்கம் 6 உள்ள உயரங்கள் வேண்டுமென்றால், 160 + 6 × 0.833, அதாவது 165 சென்டிமீட்டர் உள்ள ஒருவர் கிடைத்துவிட்டார். இங்கும் மூல எண் 0 வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூத்திரம் எதுவும் கைகொடுக்காத வடிவங்களுக்கு ஏற்பு–மறுப்பு முறை இருக்கிறது. ஒரு வட்டத்துக்குள் சீராகப் புள்ளி வைக்க வேண்டுமானால், அதைச் சுற்றிச் சதுரம் வரைந்து, சதுரத்துக்குள் புள்ளி வைத்து, வட்டத்துக்கு வெளியே விழுந்தவற்றைத் தள்ளிவிடலாம்; நூற்றுக்கு ஏறத்தாழ 78.5 தேறும். ஆரத்தையும் கோணத்தையும் சீராக எடுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஆரத்தைச் சீராக எடுத்தால் பாதிப் புள்ளிகள் வட்டத்தின் பாதி ஆரத்துக்குள் விழும். அந்தப் பகுதியின் பரப்போ கால் பங்குதான். நடுவில் நெரிசல் ஏற்படும். மூல எண்ணின் வர்க்கமூலத்தை ஆரமாகக் கொண்டால் நெரிசல் நீங்கும்.

ஏழாம் படி: கலைத்துப் போடுதல்

சீட்டுகளைக் கலைக்க, ஒவ்வொரு சீட்டையும் கட்டில் எங்கேனும் உள்ள ஒரு சீட்டோடு இடம் மாற்றினால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். மூன்று சீட்டுகளுக்கு இப்படிச் செய்தால் 3 × 3 × 3 = 27 சமவாய்ப்பு வழிகள்; சாத்தியமான வரிசைகளோ 6. 27 என்பது 6-ஆல் மீதியின்றி வகுபடாது. ஆகவே சில வரிசைகள் அதிகமாக வந்தே தீரும். ஃபிஷர்–யேட்ஸ் முறையில் கடைசிச் சீட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் தன்னோடோ தனக்கு முன்னுள்ள ஒன்றோடோ மட்டும் மாற்ற வேண்டும். வழிகள் 3 × 2 × 1 = 6; வரிசைக்கு ஒன்று.

எட்டாம் படி: சோதித்தல்

எழுதிய கட்டையை 160 முறை உருட்டுங்கள். கூட்டுத்தொகை 0 முதல் 6 வரை எதிர்பார்ப்பது முறையே 10, 20, 30, 40, 30, 20, 10. வந்தது 7, 24, 27, 45, 26, 19, 12 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் வந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் 3.61 வரும். கார்ல் பியர்சன் 1900-இல் தந்த கை-வர்க்கச் சோதனை இதுதான். வகைகள் ஏழு, மொத்தம் 160 என்று நிலையானது; ஆறு வகைகள் தெரிந்தால் ஏழாவது தானே தெரிந்துவிடும் என்பதால் கட்டின்மை எண் 6. அதற்கு 5 விழுக்காட்டு எல்லை, அதாவது சரியான கட்டையும் நூற்றுக்கு ஐந்து முறை மட்டுமே தாண்டும் எல்லை, 12.59. நம் விடை அதற்குக் கீழே இருப்பதால் கட்டையைச் சந்தேகிக்கக் காரணமில்லை. விடை 1.64-க்கும் கீழே மீண்டும் மீண்டும் வந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும்; உண்மையான கட்டை எதிர்பார்ப்போடு அவ்வளவு ஒட்டிப் போவதில்லை.

இந்தச் சோதனை முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். ஒற்றை, இரட்டை என்று ஊசலாடிய நம் பொம்மை வரிசை இதில் சிரமமின்றித் தேறிவிடும். அதைப் பிடிக்க, அடுத்தடுத்த இரண்டு எண்களை இணையாக எடுத்து இரட்டை–இரட்டை, இரட்டை–ஒற்றை, ஒற்றை–இரட்டை, ஒற்றை–ஒற்றை ஆகிய நான்கையும் எண்ணுங்கள். இரண்டு பெட்டிகள் காலியாகவே கிடக்கும்.

ஒன்பதாம் படி: இரகசியம் காக்க வேண்டிய இடங்கள்

இதுவரை சொன்னது ஆய்வுக்கும் விளையாட்டுக்கும் போதும். கடவுச்சொல், சாவி, ஒருமுறைக் குறியெண் ஆகியவற்றுக்குப் போதாது. மெர்சென் ட்விஸ்டரின் 32 பிட் விடைகள் அடுத்தடுத்து 624 கிடைத்தால் அதன் உள்நிலையை மீட்டுவிடலாம். அதன்பின் வரும் ஒவ்வொரு எண்ணும் முன்கூட்டியே தெரியும். விதை குறுகியதாக இருந்தால் இவ்வளவும் வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள்தான். நேரத்தை விதையாக்கிய நிரல் எந்த நாளில் ஓடியது என்று தெரிந்தால் அத்தனையையும் முயன்று பார்க்க ஒரு கணினிக்குக் கணப்பொழுது போதும். டெபியன் லினக்ஸ் இயக்குதளத்தில் 2006-இல் செய்த ஒரு சிறு திருத்தம், இரகசியச் சாவிகளை உண்டாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் விதையை வெறும் செயல்முறை எண்ணாக (ஓடும் நிரலுக்கு இயக்குதளம் இடும் வரிசை எண்) சுருக்கிவிட்டது. 2008-இல் அது கண்டறியப்பட்டபோது, ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள் மட்டுமே இருந்தன என்பது தெரியவந்தது.

இத்தகைய வேலைகளுக்கு இயக்குதளமே தரும் மூலத்திலிருந்து எண்களைப் பெற வேண்டும். பைத்தானில் இதற்கென்றே சீக்ரெட்ஸ் என்ற தொகுதி உண்டு. அங்கே விதை நம் கையில் இருக்காது, வரிசையைத் திரும்ப ஓட்டவும் முடியாது. நம் தாயச் செயலியை வீட்டிலுள்ளவர்கள் பொழுதுபோக்காக ஆடினால் ட்விஸ்டரே போதும். பந்தயம் கட்டி ஆடுவார்கள் என்றால், சில ஆயிரம் உருட்டல்களைப் பொறுமையாகக் குறித்துவைக்கும் ஒருவருக்கு அடுத்த தாயம் எப்போது விழும் என்பது கணக்காகிவிடும் என்பதால், நான்காம் படியில் எடுத்த பைட்டை இயக்குதளத்திடமே கேட்டு வாங்குங்கள். அதை 256-ஆல் வகுத்தால் மூல எண்; ஐந்தாம் படியின் படிக்கட்டில் ஒரு வரியும் மாற்ற வேண்டியிராது.